மரவேலைக் கருவிக்கு எந்த விட்டத்தில் ஹோஸ்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும் ரவுட்டர், உப்புத்தாளால் தேய்க்கும் சாண்டர், மெல்லிய வாளால் அறுக்கும் ஜிக்சா என்று கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் புதியவர்கள், தூசி உறிஞ்சுவதற்கென்று ஒரு வேக்குவமும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பெட்டிக்குள் எந்த ஹோஸ் வந்ததோ அதையே எல்லாக் கருவிகளுக்கும் மாட்டிப் பார்த்துவிட்டு, மெஷினுக்கு இழுவை போதவில்லை என்று முடிவு கட்டி, இன்னும் விலை கூடிய ஒன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலும் மெஷினில் குறையிருந்ததில்லை. கருவிக்கும் ஹோஸுக்கும் விட்டம் பொருந்தாததே அங்கெல்லாம் சிக்கலாக இருந்தது.

என் பட்டறையிலும் முதல் ஓராண்டு முழுவதும் ஒரே ஒரு 32 மி.மீ. ஹோஸ்தான் இருந்தது. சாண்டருக்கு அது குறையின்றி உழைத்தது. ஒரு நாள் பழைய தேக்குப் பலகை ஒன்றைச் சமன்படுத்துவதற்காக எலெக்ட்ரிக் பிளேனரில் அதையே மாட்டினேன். நான்காவது ஓட்டத்திலேயே வேக்குவத்தின் சத்தம் கீச்சென்று மாறியது. கழற்றிப் பார்த்தால், கருவியையும் ஹோஸையும் இணைக்கும் அடாப்டரின் குறுகிய கழுத்தில் சீவல்கள் ஒன்றோடொன்று பின்னிக் குருவிக்கூடு போல இறுகியிருந்தன. ஸ்குரூ டிரைவரால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. விட்டத்தைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இது பட்டறையின் சுத்தத்தோடு மட்டும் முடிந்துவிடும் விஷயமன்று. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியிலும் அதையொட்டிய எலும்பறைகளிலும் அது புற்றை உண்டாக்குகிறது. பிரிட்டனில் கடினமர வகைகளின் தூசி, வேலையிடத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் அந்த வரம்பு 2 மில்லிகிராம். தரையில் குவியும் சீவலை எப்போது வேண்டுமானாலும் பெருக்கி அள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும் நுண்தூசியை, அது பிறக்கும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும். அந்த இடத்துக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றே.

முதற்படி: அளவையும் வேகத்தையும் பிரித்துப் பாருங்கள்

தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது. ஆனால் வாளி நிறைய முன்னைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. வேகம் கூடி, அளவு குறைந்துவிட்டது. தூசிக் குழாய்க்குள் காற்றும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கருவியின் வாயைச் சுற்றிப் பறக்கும் தூளை உள்ளே வாரிக்கொள்ள ஒரு குறிப்பிட்ட அளவு காற்று தேவை. வாரிய தூளை வழியில் எங்கும் படியவிடாமல் மெஷின் வரைக்கும் கொண்டு சேர்க்க, அந்தக் காற்றுக்குப் போதுமான வேகம் தேவை. குழாய் மிகவும் குறுகினால் அளவு போதாது. மிகவும் அகன்றால் வேகம் போதாது.

உலர்ந்த மரத்தூளையும் சீவலையும் கொண்டுசெல்ல விநாடிக்கு 20 மீட்டர் வேகம் வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. இந்த வேகத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு விட்டத்திலும் மணிக்கு எவ்வளவு காற்று ஓட வேண்டும் என்பதை, குழாயின் வெட்டுப்பரப்பைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். 27 மி.மீ. ஹோஸுக்கு ஏறத்தாழ 41 கன மீட்டர் போதும். 32 மி.மீ. என்றால் 58, 36 மி.மீ. என்றால் 73, 50 மி.மீ. என்றால் 141, 63 மி.மீ. என்றால் 224 என்று ஏறிக்கொண்டே போய், 100 மி.மீ. குழாய்க்கு 565 கன மீட்டர் ஆகிவிடுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காவதால்தான் இந்த ஏற்றம். இந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இனி வரும் எல்லா முடிவுகளுக்கும் இவைதான் ஆதாரம்.

எதிர்ப்பக்கத்தில் உராய்வு இருக்கிறது. ஒரே அளவு காற்றை ஒரே நீளத்தில் செலுத்தும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழத் தலைகீழாக மாறுகிறது. அதாவது 36 மி.மீ. ஹோஸிலிருந்து 27 மி.மீ. ஹோஸுக்கு மாறும்போது, பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் அந்த 9 மி.மீ. வித்தியாசம், இழப்பை நான்கு மடங்குக்கும் சற்று மேலாக்கிவிடுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மில்லிமீட்டர்களைக் கழித்துப் பார்த்து, பெரிய வித்தியாசமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: உங்கள் மெஷின் எந்த இனம்?

தூசி இழுக்கும் மெஷின்களில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று, கடைகளில் வெட் அண்ட் டிரை என்று கேட்டு வாங்கும் பட்டறை வேக்குவம். இதன் உறிஞ்சழுத்தம் மிக அதிகம், 200 முதல் 250 மில்லிபார் வரை போகும். காற்றின் அளவோ குறைவு. நல்ல மெஷின்களில் ஹோஸ் இல்லாத வெறும் வாயில் அளந்தால் மணிக்கு 220 முதல் 250 கன மீட்டர் வரை கிடைக்கும். பெட்டியில் அச்சிடப்படும் எண் அதுதான். ஹோஸ், பில்டர், பாதி நிறைந்த பை ஆகியவற்றையெல்லாம் சேர்த்தால் அதில் பாதி கிடைப்பதே நல்ல கணக்கு. மற்றொன்று, துணிப்பையோ காகித பில்டர் உருளைகளோ தொங்கும் பெரிய டஸ்ட் கலெக்டர். இது காற்றை அள்ளிக் குவிக்கும். ஆனால் இதன் அழுத்தம் வேக்குவத்தின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும்.

மேலே சொன்ன ஆறு எண்களோடு இதைப் பொருத்திப் பாருங்கள். நடைமுறையில் 120 கன மீட்டர் இழுக்கும் வேக்குவம், 36 மி.மீ. ஹோஸை எளிதாகச் சமாளிக்கும். 50 மி.மீ. ஹோஸில் வேகம் சற்றுத் தள்ளாடும். 100 மி.மீ. குழாயை மாட்டினால் காற்று விநாடிக்கு 4 மீட்டரைச் சற்றே தாண்டித்தான் நகரும், சீவல் அப்படியே அடியில் படுத்துக்கொள்ளும். மறுபுறம், டஸ்ட் கலெக்டரின் 100 மி.மீ. வாயில் விட்டத்தைக் குறுக்கும் ரெடியூசர் போட்டுச் சாண்டரின் 27 மி.மீ. ஹோஸை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சிறு குழாயின் உராய்வைத் தாண்டும் அழுத்தம் அந்த மெஷினிடம் இல்லாததால், சத்தம் மட்டும்தான் பெரிதாக வரும். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு வேக்குவம், தரையில் நிற்கும் பெரிய மெஷின்களுக்கு டஸ்ட் கலெக்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டப் பார்க்கும் அடாப்டர்களில் பணத்தைப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: கருவி எத்தகைய கழிவைத் தருகிறது?

சாண்டரிலிருந்து தொடங்குவோம். 125 மி.மீ. அல்லது 150 மி.மீ. தட்டுள்ள ஆர்பிட்டல் சாண்டர் தருவது மாவு போன்ற நுண்தூசி மட்டுமே. அடைத்துக்கொள்ளக்கூடிய துண்டு எதுவும் அதில் இல்லை. காற்று தட்டின் சிறு துளைகள் வழியாகவே நுழைய வேண்டியிருப்பதால், ஹோஸைப் பெரிதாக்கினாலும் உள்ளே வரும் காற்று அவ்வளவாகக் கூடாது. எனவே 27 மி.மீ. ஹோஸே இதற்குப் பொருத்தம். இலேசாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருப்பதால் மணிக்கணக்கில் தேய்த்தாலும் மணிக்கட்டு வலிக்காது. என்னைக் கேட்டால், சாண்டருக்கு அதுதான் முதன்மையான காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள். வேக்குவத்தை முழு வேகத்தில் வைத்தால் தட்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டு சுருள் சுருளாகக் கோடு விழும். பாலிஷ் ஏறிய பிறகுதான் அது கண்ணில் படும். வேகம் குறைக்கும் குமிழ் இருந்தால் தட்டு தாராளமாக நகரும் வரை குறையுங்கள். உப்புத்தாளின் துளைகளும் தட்டின் துளைகளும் நேராகப் பொருந்தாவிட்டால் எந்த விட்டமும் உதவாது.

ஜிக்சாவுக்கும் 27 மி.மீ. போதும். அதன் வாள் மேல்நோக்கி வெட்டித் தூளை மேலே எறிவதால், முன்னால் உள்ள ஒளிபுகும் மூடியைக் கழற்றாமல் வைத்திருப்பதே ஹோஸின் அளவைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

ரவுட்டரில் நிலைமை மாறுகிறது. அகலமான பிட் (சுழன்று வெட்டும் அலகு) போட்டு ஒரே ஓட்டத்தில் காடி எடுத்தால், பொடியும் சில்லுமாகக் கலந்து ஒரு கைப்பிடி கழிவு ஓரிரு விநாடிகளில் கொட்டுகிறது. 27 மி.மீ. ஹோஸ் இதை ஓரளவு இழுக்கும் என்றாலும், 35 அல்லது 36 மி.மீ. ஹோஸ் மாட்டினால்தான் காடிக்குள் தூள் தேங்காமல் பிட் சூடேறாமல் இருக்கும். எம்.டி.எப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் காடி எடுக்கும்போது இந்த வித்தியாசத்தை நேரில் காணலாம். சிறிய ஹோஸில் காடியின் அடியில் மெத்தையாகத் தூள் அழுந்திக் கிடக்கும். பெரிய ஹோஸில் அடிப்பலகை தெளிவாகத் தெரியும். பலகையின் ஓரத்தில் வடிவம் எடுக்கும்போது மட்டும், பிட்டின் ஒரு பக்கம் வெளியே திறந்திருப்பதால், எவ்வளவு பெரிய ஹோஸாக இருந்தாலும் பாதித் தூள் தரைக்குத்தான் போகும். அப்போது முகமூடியைக் கழற்றாதீர்கள்.

வட்ட ரம்பத்துக்கும் பலகையின் மேல் தண்டவாளத்தில் ஓடும் டிராக் சாவுக்கும் 36 மி.மீ. ஹோஸைப் பரிந்துரைக்கிறேன். டிராக் சாவின் மூடி நன்றாக மறைக்கப்பட்டிருப்பதால் 27 மி.மீ. ஹோஸிலும் ஓரளவு சமாளிக்கலாம். எலெக்ட்ரிக் பிளேனருக்கு 36 மி.மீ. என்பது குறைந்தபட்சம், வாய் இடங்கொடுத்தால் 50 மி.மீ. இன்னும் நல்லது. இங்கே கழிவின் எடையைக் காட்டிலும் வடிவம்தான் சிக்கலை உண்டாக்குகிறது. நீளச் சீவல்கள் குறுக்கே விழுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், வழியில் விட்டம் குறுகும் இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. என் குருவிக்கூடு உருவானது அப்படியொரு கழுத்தில்தான்.

கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் மைட்டர் சாவைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். அதன் பின்புறச் சிறு வாய் பிடிப்பது கொஞ்சம்தான். தூள் விசிறி போலப் பின்னால் பரவுகிறது. பின்புறம் மூன்று பக்கமும் பலகையடித்து ஒரு கூடு அமைத்து, அதில் டஸ்ட் கலெக்டரின் 100 மி.மீ. குழாயை இணைப்பதே பலன் தரும் வழி. தூக்கிச் செல்லக்கூடிய டேபிள் சாக்களில் (மேசை ரம்பங்களில்) பெரும்பாலும் 63 மி.மீ.-ஐ ஒட்டிய வாய் இருக்கும், 50 மி.மீ. ஹோஸுடன் வேக்குவத்தை வைத்து அதைச் சமாளிக்கலாம். பெட்டியடித்த கனமான டேபிள் சாவுக்கும் திக்னஸ் பிளேனருக்கும் 100 மி.மீ. குழாயும் டஸ்ட் கலெக்டரும் வேண்டும். அதில் வேறு பேச்சில்லை.

ஆங்கிள் கிரைண்டரில் இரும்பு அறுக்கும்போது மரத்தூள் உள்ள வேக்குவத்தை ஒருபோதும் மாட்டாதீர்கள். ஒரு தீப்பொறி பைக்குள் போய், யாரும் பட்டறையில் இல்லாத நேரத்தில் புகைந்து எரியத் தொடங்கும்.

நான்காம் படி: அளந்து வாங்குங்கள்

ஹோஸின் விட்டம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் உள்விட்டம். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் வாங்கும் பி.வி.சி. பைப்பின் 50, 63, 75, 110 மி.மீ. அளவுகளோ வெளிவிட்டம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் 50 மி.மீ. ஹோஸுக்கு 50 மி.மீ. பைப் வாங்கி வந்து, இரண்டும் ஒழுங்காகப் பொருந்தாமல் திரும்பக் கடைக்கு நடந்தவர்கள் பலர். கருவியின் வாயையும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல வாய்கள் நுனியில் சற்றுக் குறுகி அடியில் விரிந்திருக்கும். ஆதலால் நுனியிலும் 20 மி.மீ. உள்ளேயும் என இரண்டு இடங்களில் அளப்பது நல்லது. ஒரே 35 மி.மீ. என்ற பெயரில் வெவ்வேறு நிறுவனங்களின் பொருத்துகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது அன்றாட அனுபவம்.

வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளும் படிப்படியான ரப்பர் அடாப்டர் இதற்கு உதவும். கிடைக்காவிட்டால், பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கருவியின் வாயில் பாதியும் ஹோஸ் நுனியில் பாதியுமாக இழுத்து மாட்டி, இரு பக்கமும் கிளிப் போட்டு முடுக்குங்கள். சற்றுப் பெரிய வாய்க்கு ஸ்கூட்டர் டியூப். நான்கு வருடங்களாக என் ஜிக்சாவில் இருப்பது இந்த ஏற்பாடுதான், அதிர்வையும் தாங்கிக்கொள்கிறது.

விட்டம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், குறுகலைக் கருவியின் அருகிலேயே, முடிந்த அளவு குறைந்த நீளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை நோக்கிப் போகப் போகப் பாதை அகலலாமே தவிரக் குறுகக் கூடாது. பிளேனரின் 36 மி.மீ. வாயிலிருந்து 36 மி.மீ. ஹோஸ், அதிலிருந்து மெஷினின் அகன்ற வாய் என்று போனால் சீவல் சிக்க இடமில்லை. 50 மி.மீ. ஹோஸ் வழியில் 32 மி.மீ. கழுத்துக்குள் நுழைய நேர்ந்தால், அடைப்பு இன்றைக்கா நாளைக்கா என்பதுதான் கேள்வி.

ஐந்தாம் படி: நீளம், வளைவு, நிலைமின்சாரம்

உராய்வு நீளத்துக்கு நேராகக் கூடுவதால், 3.5 மீட்டர் போதும் என்ற இடத்தில் 7 மீட்டர் ஹோஸ் போட்டால் இழப்பும் இரட்டிப்பாகிறது. மீதி நீளம் தரையில் சுருண்டு கிடந்தால் ஒவ்வொரு வளைவும் தன் பங்குக்கு இழுவையைத் தின்னும். உள்ளே வரிவரியாக மடிப்புள்ள ஹோஸ், உட்புறம் வழுவழுப்பான ஹோஸைவிட இரண்டு மூன்று மடங்கு வரை எதிர்ப்புத் தரலாம். ஆகவே நீண்ட தூரத்துக்குப் பி.வி.சி. பைப்பையும், கடைசி இரண்டு மூன்று மீட்டருக்கு மட்டும் ஹோஸையும் பயன்படுத்துங்கள். ஹோஸ் பலகையின் விளிம்பில் தட்டி நின்றால் ரவுட்டர் கோட்டை விட்டு விலகிவிடும். உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கயிற்றால் ஹோஸைத் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பெரிய ஹோஸின் பாரமும் கையில் தெரியாது.

உலர்ந்த தூள் பிளாஸ்டிக் குழாயில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து கையைச் சுரீரென்று அடிக்கும். குறுகிய ஹோஸில் வேகம் அதிகம் என்பதால் இதுவும் அதிகம். ஆன்டிஸ்டாட்டிக் ஹோஸ் வாங்கினால் மட்டும் போதாது. இரு முனைப் பொருத்துகளும் மின்கடத்தும் வகையாக இருந்து, மெஷினும் எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் ஓட வேண்டும். எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் போர்டில் அந்த ஹோஸுக்குச் செலவழித்த பணம் வீண்.

நுண்தூசிக்கென்று வரும் எம் வகுப்பு வேக்குவங்களில், ஹோஸின் விட்டத்தைக் குறிக்கும் ஒரு குமிழ் முகப்பிலேயே இருப்பதைக் காணலாம். புதியவர்கள் அதை வேகக் குமிழ் என்று நினைத்து இஷ்டத்துக்குத் திருப்புகிறார்கள். காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் அந்த மெஷின் ஒலி எழுப்பி எச்சரிக்கும். அதற்கு அது ஓடும் காற்றின் அளவை உணர்ந்து, நீங்கள் குமிழில் வைத்த விட்டத்தைக் கொண்டுதான் வேகத்தைக் கணக்கிடுகிறது. 36 மி.மீ. ஹோஸ் மாட்டிவிட்டுக் குமிழை 27-இல் விட்டுவைத்தால், மெஷின் வேகத்தை உள்ளதைவிட அதிகமாக எண்ணிக்கொண்டு, எச்சரிக்க வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும். மாற்றி வைத்தால் காரணமில்லாமல் அலறும். ஹோஸை மாற்றும்போதே குமிழையும் திருப்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் சைக்ளோன் வாளி வைத்திருப்பவர்கள் வாளி வரைக்கும் 36 மி.மீ.-க்குக் குறையாத ஹோஸைப் பயன்படுத்தினால்தான், தூளைச் சுழற்றிப் பிரிக்கப் போதுமான காற்று உள்ளே வரும். ஹோஸ் அடைத்துக்கொண்டால் முழு உறிஞ்சழுத்தமும் வாளியின் மேல் விழும். மெல்லிய பெயின்ட் வாளி உட்புறமாக நொறுங்கிவிடும். தடித்த சுவருள்ள வாளியாகப் பாருங்கள்.

ஆறாம் படி: வாங்கி, மாட்டி, சோதியுங்கள்

ஒரே ஒரு ஹோஸ் வாங்கத்தான் பணமிருக்கிறது என்றால் 35 அல்லது 36 மி.மீ. விட்டத்தில், 3.5 மீட்டர் நீளத்தில் வாங்குங்கள். சாண்டர் முதல் பிளேனர் வரை எதுவும் அதில் முழுதாக முடங்கிப்போகாது. அடுத்த செலவு சாண்டருக்கான 27 மி.மீ. ஹோஸாக இருக்கட்டும். 50 மி.மீ. ஹோஸ் பட்டறையின் தரையைச் சுத்தம் செய்யவும் டேபிள் சாவுக்கும் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சோதனைக்கு ஓர் அடி நீள எம்.டி.எப். துண்டு போதும். முதலில் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, பையைக் காலி செய்யுங்கள். அழுக்குப் பில்டரோடு செய்யும் சோதனை ஹோஸைப் பற்றி எதையும் சொல்லாது. 120 எண் உப்புத்தாளில் இரண்டு நிமிடம் தேய்த்து, பலகையின் மேல் ஒரு கறுப்புத் துணியால் ஒரே ஒரு முறை துடையுங்கள். துணியில் வெள்ளைப் பட்டை விழுந்தால் காற்று போதவில்லை. அடாப்டரின் கசிவையும் துளைகளின் பொருத்தத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த விட்டத்தை மாட்டி மறுபடி தேயுங்கள். ரவுட்டருக்கு அதே துண்டில் 12 மி.மீ. அகலக் காடி ஒன்று எடுத்து, அடியில் எவ்வளவு தூள் நிற்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்து மெஷினை நிறுத்துவதற்கு முன், ஹோஸின் தாழ்ந்த வளைவை ஒரு முறை தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே சரசரவென்று சீவல் ஓடும் சத்தம் கேட்டால், அந்த வேலைக்கு அந்த ஹோஸ் அகலம் என்று பொருள். ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

எந்தக் கருவிக்கு எந்த விட்டம், எந்த அடாப்டர், குமிழ் எந்த எண்ணில் என்று தெளிந்தவுடன், அதை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்தக் கருவியின் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.